ஆள் காணாது

எங்கள் ஊரில் 'காணாது' என்றால் போதாது என்று அர்த்தம். சோறு காணாது, துணி காணாது, நேரம் காணாது என்போம். நான் சொல்லப் போகிற மனிதருக்கு எப்போதும் ஆள்தான் காணாது. எந்த இடத்துக்குப் போனாலும் வாசலில் நின்று உள்ளே இருக்கிற தலைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, நாக்கைத் தட்டி, "ஆள் காணாது" என்பார். செத்த வீட்டிலும் சொல்வார், கலியாண வீட்டிலும் சொல்வார். மாதா கோயில் பூசைக்குப் போனால் சுவாமியார் பிரசங்கம் தொடங்க முன்னமே திரும்பித் திரும்பிப் பின்வாங்குகளில் இருக்கிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பாராம். அவருடைய மனைவி சொல்லித்தான் எனக்கு அது தெரியும்.

பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கு அது பிடிக்காது. அந்த வருடங்களில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் உடனே திரும்ப மாட்டார். கூப்பிட்டது யாராக இருக்கும் என்று குரலை வைத்து யோசித்த பிறகுதான் கழுத்து அசையும். நாங்கள் அவரை மெசின் அண்ணை என்போம். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு குளிரூட்டிய படமாளிகை. அவர் கீழே ஏசி மெசினைப் பார்த்தார், நான் மேலே படம் ஓட்டினேன். நான் பெரிய பயந்தாங்கொள்ளி என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்றால் எனக்கே நான் ஒரு சண்டியன் மாதிரித் தோன்றும். அவ்வளவு பயம் அந்த மனிதருக்கு.

அவருடைய பயம் விளங்க வேண்டுமென்றால் அந்த மெசினும் கொஞ்சம் விளங்க வேண்டும். கனக்கச் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். எண்ணூறு பேர் இருக்கிற மண்டபம் அது. எண்ணூறு உடம்பின் சூட்டை இழுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதற்கென்று வாங்கின மெசின். குழாய்களில் ஓடுகிற காஸ் அந்தச் சூட்டை வாங்கிக் கொதித்து, ஆவியாக மெசினுக்குத் திரும்பி வர வேண்டும். ஆள் இல்லாவிட்டால் சூடு இல்லை. சூடு இல்லாவிட்டால் அது கொதிக்காமல் தண்ணீர் மாதிரியே திரும்பி வரும். ஆவியை நெரிக்கத் தெரிந்த மெசினுக்குத் தண்ணீரை நெரிக்கத் தெரியாது. சோற்றில் கல்லைக் கடித்த பல்லைப் போல அடிபடும். வெளியில் மார்கழி மழையும் வாடைக்காற்றும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம், உள்ளும் குளிர், புறமும் குளிர், மெசினுக்கு ஒரு பக்கமும் பிடி இல்லை என்பார்.

அப்படி அடிபடும்போது வருகிற சத்தம் துவக்கு வெடிக்கிற சத்தம் மாதிரியே இருக்கும். அதுதான் பிரச்சினை.

எண்பத்து நாலாம் ஆண்டு மழைகாலம். இரவுக் காட்சிகள் நின்றுபோய் மற்றினி என்கிற பகல் காட்சி மட்டும் ஓடியது. அதுக்கும் எண்ணூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது அறுபது பேர். ஒருநாள் நான் மேலே அடுத்த றீலைப் போட்டுக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் இருந்து 'டக்' என்றது. பிறகு 'டக் டக் டக்' என்றது. சுவர் ஓட்டையால் எட்டிப் பார்த்தேன், மண்டபத்தில் ஒரு தலை இல்லை. எல்லாரும் கதிரைகளுக்கு இடையில் படுத்துவிட்டார்கள். திரையில் கதாநாயகன் மட்டும் பூந்தோட்டத்தில் ஓடி ஓடிப் பாடிக்கொண்டிருந்தான். நானும் புறொஜெக்ரருக்குக் கீழே குந்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பக்கத்துக் கதவு திறந்த சத்தம் கேட்டது. மெல்ல எழும்பிப் பார்த்தால், மெசின் அண்ணை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்.

"வெடியில்லை! வெடியில்லை! அது மெசின்! ஆண்டவரே, மெசின்!"

கையைத் தூக்கச் சொல்லி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு தலையாக எழும்பியது. முன்வரிசையில் துவாயால் தலையைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவர் கதிரையில் ஏறி இருந்துவிட்டு, "அது சரி, இப்ப ஏன் ஏசி நிண்டிட்டுது?" என்று கேட்டார்.

எங்கள் சனத்தின் குணம் அது. மார்கழியில் பல் கிடுகிடுக்கும், சால்வையும் துவாயும் சுவெற்றருமாக வந்து சுருண்டுகொண்டு இருப்பார்கள், ஆனால் ஏசியை நிறுத்தினால் முதலாளியின் கந்தோர்க் கதவைத் தட்டிச் சண்டை பிடிப்பார்கள். "போர்ட்டிலை ஏசி எண்டு போட்டிருக்கு. அதுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினனியள்? நடுங்கிறது எங்கடை பாடு, ஓட்டுறது உங்கடை பாடு." முதலாளி நெற்றி நிறையத் திருநீறு பூசிய சாதுவான மனிதர்தான். ஆனால் மெசின் விசயத்தில் அவரும் சனத்தின் கட்சி.

"இஞ்சை பாரும், உமக்கு வேலை மெசினை ஓட்டுறது. நிப்பாட்டுறதெண்டா எனக்கு ஒரு ஆள் தேவையில்லை, நானே நிப்பாட்டுவன்" என்றார்.

"முதலாளி, இது அடிக்கேக்கை வெளியிலை லொறி நிண்டா?"

முதலாளி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்கள் வாசல் றோட்டில் ஆமி லொறிகள் எந்த நேரமும் போகும், வரும். அதுக்கு முந்திய கிழமைதான் ஒரு சந்தியில் பாரம் ஏற்றின லொறி ஒன்றின் ரயர் வெடித்ததாம், அதைக் குண்டென்று நினைத்துத் திருப்பிச் சுட்டதில் ஒரு கடைச் சுவர் முழுக்க ஓட்டையாம் என்று கதை வந்திருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். துவக்கு வைத்திருக்கிறவன் அரண்டிருந்தால் அதைவிடப் பயம் வேறு இல்லை.

அன்றிலிருந்து மெசின் அண்ணை செய்த வேலைகளை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். மொட்டை மாடியில் மெசினின் தண்ணீரை ஆறவைக்கிற பெட்டியைச் சுற்றித் தென்னோலைக் கிடுகால் வேலி அடைத்து, அதுக்கு மேலே சாக்கும் போட்டுக் கட்டினார், வாடைக்காற்று படக்கூடாதாம். திரைக்குப் பின்னால் இருந்த பல்பெல்லாம் சூட்டுக்கென்று பகலிலும் எரிந்தன. நெல் அவிக்கிற பெரிய பானைகளில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மெசின் காற்றை இழுக்கிற வாய்க்கு முன்னால் வரிசையாக வைத்தார். ஏசிக்குக் குளிருகிறதென்று போர்வை போர்த்து அடுப்பும் மூட்டிக் கொடுத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"அண்ணை, கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "எத்தினை பானை வைச்சாலும் ஆளைப் போலை வராது தம்பி. ஆள் காணாது."

ஆளுக்கு அவர் போனது குருநகர்க் கரைக்கு. அவருடைய ஊரே அதுதான். அந்த நாட்களில் கடலுக்குப் போக அரசாங்கத் தடை. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன, சனம் கிழியாத வலையையும் பொத்தித் தைத்துக்கொண்டு இருந்தது. இவர் மத்தியானத்தில் சைக்கிளில் போய், "கடலுக்குத்தானே போகேலாது, படத்துக்கு வாங்கோ, ரிக்கற் வேண்டாம்" என்று வீடு வீடாகக் கூப்பிடுவார். கிழவர்கள் வந்தார்கள், பெண்கள் பிள்ளைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இளம் பெடியன்களை மட்டும் அவர் கூப்பிட மாட்டார். பத்துப் பெடியன் ஒரு இடத்தில் இருந்தால் லொறி நிற்கும் என்பார். வந்தவர்களைக் காற்று இழுக்கிற பக்கமாக அவரே கொண்டுபோய் இருத்துவார். உடம்பு கொஞ்சம் கூடின மாமிகளுக்கு முன்வரிசை.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "உம்மடை சொந்தமெல்லாம் ஓசியிலை படம் பாக்குது."

"அவை படம் பாக்க வரேல்லை முதலாளி. மெசினுக்குச் சூடு குடுக்க வருகினம்."

கம்பிறசர் உடைந்தால் புதிதுக்கு எங்கே போவது என்று நினைத்தாரோ என்னவோ, முதலாளி பிறகு அவர்களை வாசலில் மறிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு மீன்காரி அம்மா வருவார். கடல் ஓடினால் மீன்கடகத்தோடு ஊர் சுற்றுகிறவர், இப்போது வெறுங்கையோடு நாளுக்கு நாள் ஒரே படத்தைப் பார்க்க வந்தார். ஒருநாள் மெசின் இரண்டு தரம் 'டக் டக்' என்றபோது அவர்தான் முதலில் கையைத் தட்டிக் கூ அடித்தார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. மெசின் அடித்தால் மண்டபம் முழுக்கக் கைதட்டும், கூ அடிக்கும், கிழவர்கள் வாயில் விரலை வைத்துச் சீட்டி அடிப்பார்கள். றோட்டில் போகிறவனுக்குக் கதாநாயகன் வந்துவிட்டான் போலிருக்கிறது என்றுதான் தோன்றும். தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுகிற காட்சியில் ஒரு தரம் அந்தச் சீட்டிச் சத்தத்தைக் கேட்டு நான் மேலே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். மெசின் அண்ணை மட்டும் ஒருநாளும் சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்து ஓட்டையால் தலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் மெசின் அறையில் பானைகளுக்குப் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது நான் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, லொறிக்குத்தான் பயமோ? வேறை ஏதும் கிடக்கோ?"

அவர் இரண்டு கைகளையும் ஆவியில் காட்டினார். பிறகு பானையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் கொழும்பிலை மீன் குளிரறையிலை வேலை செய்தனான். எண்பத்து மூண்டு ஆடிக் கலவரத்திலை ஆக்கள் பொல்லுகளோடை வாசலுக்கு வந்திட்டினம். எங்கடை போர்மன் சிங்களவர், தங்கமான மனிசன். எங்களைக் குளிரறைக்குள்ளை விட்டு வெளியாலை பூட்டினவர். மெசின் நிண்டா ஏன் நிண்டதெண்டு தேடுவினம் எண்டு ஓடவிட்டவர். மீன் இல்லாத வெறும் அறை. மூண்டு பேர் ஒட்டிக்கொண்டு இருந்தம்."

"பிறகு?"

"மூண்டு பேர் காணாது தம்பி."

அவர் எழும்பிப் பானைகளை மாற்றப் போனார். கதவு திறந்தபோது வெளியே நடந்து வந்தது இரண்டு பேர் என்று அவருடைய மனைவிதான் பிறகு ஒருநாள் சொன்னார். வராதவர் அவருடைய தம்பி. அண்ணைக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை, அந்தத் தம்பியைத்தான் பிள்ளையாக வளர்த்தார்களாம். அதன் பிறகு அவர் 'ஆள் காணாது' என்றால் நான் பகிடி பண்ணுவதில்லை.

மார்கழிக் கடைசி. விடாத மழை. கரையில் இருந்து நல்ல கூட்டம் வந்திருந்தது, அவருடைய மனைவியும் பெண்கள் பக்கத்தில் இருந்தார். இடைவேளைக்குப் பிறகு கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வாசலில் லொறிகள் வந்து நின்றுவிட்டன.

ஆமிக்காரர்கள் மழைக்குத்தான் ஒதுங்கினார்கள். நனைந்து, சப்பாத்தில் சேறும் தண்ணீருமாக உள்ளே வந்தார்கள். முதலாளி "சேர், சேர்" என்றபடி கையைக் கூப்பிக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தார். அதிகாரிக்கு மீசை அரும்பின வயது. "எல்லாம் இரு. படம் போடு. பயம் இல்லை" என்றான் தமிழில். பயம் இல்லை என்று அவன் சொன்னதும்தான் எங்களுக்குப் பயம் பிடித்தது. ஆமிக்காரர்கள் பின்வரிசைகளில் துவக்குகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். எங்கள் சனத்தின் பிடரிகள் எல்லாம் அவர்களுக்கு முன்னால் இருந்தன.

அதிகாரி சுற்றிப் பார்த்தான். "ஏசி இருக்கு? ஏசி போடு."

நனைந்து நடுங்கிக்கொண்டு ஏசி கேட்கிறான். நேரம் வேறாக இருந்தால் இவனும் எங்கள் ஊர்க்காரன்தான் என்று சிரித்திருப்பேன்.

என்னைக் கீழே வரச் சொல்லி ஆள் வந்தது. மெசின் அறை வாசலில் முதலாளியும் மெசின் அண்ணையும் நின்றார்கள். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நிப்பாட்டுவதற்குப் பயமில்லை, திருப்பிப் போடுவதற்குத்தான் பயம் என்று அவர் எப்போதும் சொல்வார். நிற்கிற நேரத்தில் காஸ் தண்ணீராகி மெசினின் வயிற்றுக்குள் போய்த் தேங்கிவிடும், திருப்பிப் போட்டால் முதல் அடி துவக்கு வெடித்த மாதிரித்தான் விழும். அந்த அடி இப்போது துவக்குகளுக்கு முன்னால் விழப் போகிறது.

"பழுதெண்டு சொல்லும்" என்றார் முதலாளி, உதடு அசையாமல்.

"பழுதெண்டா உள்ளுக்கு வந்து பாப்பினம். இதுகளைப் பாருங்கோ."

நான் அப்போதுதான் அந்த அறையை வேற்று ஆளின் கண்ணால் பார்த்தேன். இருட்டு மூலையில் பெரிய பானைகள், சாக்கு மூட்டைகள், அங்கிங்காக ஓடுகிற வயர்கள். குண்டு செய்கிற இடம் இல்லை என்று என்ன சொல்லி நம்ப வைப்பது?

அவர் கைகளை உடம்புக்கு விலத்திப் பிடித்துக்கொண்டு நேரே மண்டபத்துக்குள் நடந்தார். அதிகாரிக்கு முன்னால் நின்று சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார். அவருக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். கையால் மெசினைக் காட்டினார், நெஞ்சில் குத்திச் சத்தத்தைக் காட்டினார், பின்வரிசையில் இருந்தவர்களைக் காட்டினார். நீங்கள் உங்கள் ஆட்களிடம் முதலில் சொல்லுங்கள், சொன்ன பிறகுதான் போடுவேன் என்றாராம். அதிகாரி மெசின் அறைப் பக்கம் பார்த்தான். பிறகு சிரித்தான். திரைக்கு முன்னால் போய் நின்று தன் ஆட்களுக்கு ஏதோ சத்தமாகச் சொன்னான். எங்கள் சனம் அதைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் சிங்களம் கதைத்த எங்கள் மெசின் அண்ணையில்தான் இருந்தது.

அவர் அறைக்கு வந்து மண்டபப் பக்கத்துக் குழாயின் வால்வை இறுக்கினார். என்னைச் சுவிச்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "போடு தம்பி" என்றார். மெசின் ஓடியது. வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறந்தார். அந்தக் குளிரில் அவருடைய பிடரியில் இருந்து வேர்வை ஓடியது. உதடு 'அருள்நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தது.

டக் என்றது. பிறகு டக் டக் என்றது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கைதட்டு வரும், கூ வரும் என்று காத்திருந்தேன். மண்டபத்தில் இருந்து ஒரு மூச்சு வரவில்லை. ஒவ்வொரு நாளும் சீட்டி அடித்த சனம் அன்றைக்குக் கல்லாகிவிட்டது. என் வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான அமைதியை நான் கேட்டதில்லை. பிறகு மெசினின் குரல் மெதுவாகச் சீராகியது. கண்ணைத் திறந்தால் அவர் குழாயில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறார். ஓட்டையால் பார்த்தேன். மீசையே இல்லாத ஒரு சின்ன ஆமிக்காரன் கதிரைகளுக்கு இடையில் இருந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினான். சொல்லியும் படுத்துவிட்டான். மற்ற ஆமிக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

படம் முடிந்தபோது அதிகாரி வந்து அவருடைய தோளில் கையைப் போட்டான். ஆமிக் காம்பில் ஒரு குளிரறை இருக்கிறதாம், கனநாளாகப் பழுதாம். வா என்றான். லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய மனைவி பெண்கள் வரிசையில் எழும்பி நின்றார். அழவில்லை. எதையோ எண்ணுகிறவர் மாதிரி வாய் மட்டும் அசைந்தது.

ஒரு கிழமை கழித்துப் பட்டப்பகலில், படமாளிகை வாசலில், சனம் பார்க்க லொறி அவரை இறக்கிவிட்டது. மேலே இருந்து ஒருவன் தகரத்தில் அடைத்த இரண்டு ரின் மீனை அவர் கையில் கொடுத்தான். கடலுக்குப் போகத் தடையான கரையில் பிறந்த மனிதர் ரின் மீனோடு நடு றோட்டில் நின்றார். எறிந்தால் லொறி பார்க்கும். கொண்டுபோனால் ஊர் பார்க்கும். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அதுதான். நான் ஓடிப்போய் அதுகளை வாங்கி என் சாறத்து மடியில் சுருட்டினேன்.

"அடிச்சவங்களோ அண்ணை?"

"இல்லைத் தம்பி. சோறு தந்தவங்கள். நல்ல மரியாதையாக் கதைச்சவங்கள்." வாயைத் துடைத்துக்கொண்டார். "அதுதான் பயமாக் கிடக்கு."

அதன் பிறகும் இரண்டு தரம் லொறி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. கரையில் இருந்து சனம் வருவது நின்றுவிட்டது. கோபம் இல்லை, பயம். மீன்காரி அம்மாவை ஒருநாள் சந்தையில் கண்டு கேட்டேன். "அந்த மனிசன் நல்லவர் எண்டு எங்களுக்குத் தெரியும் தம்பி. அவரோடை நாங்கள் நிண்டதை ஆர் ஆர் பாக்கினம் எண்டு தெரியாதே" என்றார். மண்டபம் பழையபடி வெறுமையானது, மெசின் பழையபடி அடித்தது. கைதட்ட ஆள் இல்லை. பெண்கள் பக்கத்தில் அவருடைய மனைவி மட்டும் தன்னந்தனியாக, சால்வையைப் போர்த்துக்கொண்டு, ஒவ்வொரு மற்றினிக்கும் சூடு கொடுக்க வந்து இருந்தார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை சைக்கிளில் இரண்டு பெடியள் வந்தார்கள். எங்கள் பெடியள்தான், இயக்கத்துப் பெடியள். நல்ல மரியாதை.

"மெசின் பாக்கிறவர் நிக்கிறாரோ?" என்று கேட்டார்கள். வேலையாக இருக்கிறார் என்றேன். "அவசரமில்லை அண்ணை. சனிக்கிழமை படம் முடிய வருவம். அவரோடை ஒருக்காக் கதைக்கவேணும்."

கதைக்க வேண்டும் என்றால் என்ன என்று அப்போது எல்லாருக்கும் தெரியும். கூட்டிக்கொண்டு போய்த்தான் கதைப்பார்கள். சிலர் கதைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"ஓடிப்போங்கோ அண்ணை" என்றேன்.

"ஓடினா காட்டிக் குடுத்தனான் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி" என்றார். சாவிக்கொத்தை எடுத்து மெசின் அறையைப் பூட்டினார்.

அன்று பின்னேரம் அவருடைய மனைவி கரையில் வீடு வீடாகப் போனாராம். அழவில்லையாம், கெஞ்சவில்லையாம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "சனிக்கிழமை ஆள் காணாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாராம்.

சனிக்கிழமை நான் றீலைப் பூட்டிவிட்டு ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு இருந்தேன். முதலில் மீன்காரி அம்மா பேரப்பிள்ளைகளோடு வந்தார். பிறகு இரண்டு கிழவர்கள். பிறகு கதவு மூடப்படவே இல்லை. சனம் வந்துகொண்டே இருந்தது. முதலாளி ரிக்கற் கேட்காமல் வாசலைத் திறந்துவிட்டார், கடைசியில் தானும் சால்வையைப் போர்த்துக்கொண்டு நடு வரிசையில் வந்து இருந்தார். அவருக்குத் தன் தியேட்டரில் படம் பார்த்தே பழக்கமில்லை. அன்றைக்கு மெசின் ஒரு தரமும் அடிக்கவில்லை. பால் குடித்த பிள்ளை மாதிரி ஓடியது.

படம் முடிந்தது. லைற்றைப் போட்டேன். வழக்கமாக எங்கள் சனம் கடைசிக் காட்சிக்கு முன்னமே செருப்பைத் தேடத் தொடங்கிவிடும். அன்றைக்கு ஒருவரும் எழும்பவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்கள். மெசின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு பெடியளும் நின்றார்கள்.

"படம் முடிஞ்சுது. எழும்புங்கோ அம்மா" என்றான் ஒருவன்.

"ஏசி இன்னும் ஓடுது தம்பி" என்றார் மீன்காரி அம்மா. "காசு குடுத்தெல்லோ வந்தனாங்கள். அது நிண்டாப் போவம்."

வாழ்நாளில் ஒரு ரிக்கற் வாங்கியிருக்க மாட்டார் அந்த மனிசி.

கதவு திறந்தது. மெசின் அண்ணை தானாக வெளியே வந்தார். துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"கேக்கிறதை இஞ்சையே கேளுங்கோ தம்பி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"காம்பிலை என்ன கதைச்சனியள்?"

"குளிரறை கதைச்சனான்."

"வேறை?"

"வேறை என்ன எனக்குத் தெரியும்?"

பெடியன் மண்டபத்தைப் பார்த்தான். மண்டபம் அவனைப் பார்த்தது. குளிருக்கு அவன் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்திருந்தான். அவனுக்கும் இருபது வயதுதான் இருக்கும்.

"இனிக் காம்புக்குப் போகாதையுங்கோ."

"கூப்பிட்டா?"

மற்றவன் அவனுடைய கையைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் நடுவழியால் நடந்து வெளியே போனார்கள்.

மெசின் அண்ணை திரும்பி, எப்போதும் செய்வது போல, தலைகளைப் பார்த்தார். பின்வரிசை மூலை வரைக்கும் பார்த்தார். நாக்கைத் தட்டவில்லை.

"காணும்" என்றார். உள்ளே போய் மெசினை நிறுத்தினார். சனம் எழும்பியது. அவரை நடுவில் விட்டுக்கொண்டு எல்லாரும் சேர்ந்து கரைக்கு நடந்தார்கள். மனைவி அவருடைய சேட்டின் நுனியைப் பிடித்தபடி போனார்.

திங்கட்கிழமை லொறி வந்து ஆளைக் கேட்டபோது அவர் இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது. கரையில் ஒரு வள்ளம் குறைந்திருந்தது. கடலுக்குத் தடை இருந்த, வாடைக்காற்று விடாத நாட்கள் அவை. அக்கரையில் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்களா, இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த மெசினை அதன் பிறகு திருப்பிப் போட ஒருவரும் துணியவில்லை.

வள்ளத்தில் வேறு யாரும் போகவில்லை என்று மீன்காரி அம்மா சொன்னார். அவரும் மனைவியும் மட்டும். அந்தக் குளிரில், அவ்வளவு பெரிய கடலில், இரண்டு பேர். காணாது.